சூபாபுல் தழை தின்ற ஆட்டுக்கு முடி கொட்டுவதும் தொண்டை வீங்குவதும் ஏன்?

உங்கள் கேள்வியை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துவிடுங்கள். மழை பொய்த்ததால் நான்கு மாதமாக உங்கள் வெள்ளாடுகளுக்கு வரப்போரம் நிற்கும் சூபாபுல் தழைதான் முக்கியத் தீவனம். போன மாதம் பெய்த மழையில் மரங்கள் துளிர்த்ததும் கொளுந்தை நிறைய வெட்டிப் போட்டிருக்கிறீர்கள். இப்போது சில ஆடுகளுக்கு முதுகிலும் வாலிலும் முடி உதிர்கிறது, வாயில் எச்சில் ஒழுகுகிறது. அண்மையில் பிறந்த குட்டிகளில் இரண்டுக்குத் தொண்டை வீங்கியிருக்கிறது. அயோடின் கலந்த தாது உப்பு கொடுத்தால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொல்ல, மரத்தையே வெட்டிவிடுங்கள் என்று இன்னொருவர் சொல்லியிருக்கிறார். இதன் விதை குடற்புழுவுக்கும் சர்க்கரை நோய்க்கும் மருந்து என்று படித்திருந்த நீங்கள், "மூலிகை எப்படி ஹார்மோனைக் கெடுக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது, மரத்தையும் வைத்துக்கொண்டு ஆட்டையும் காப்பாற்ற வழி உண்டா என்பதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். உண்டு. ஆனால் அதற்கு இந்தத் தழைக்குள் இருக்கும் இரண்டு வேறு வேறு தொல்லைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கால்நடைத் தீவனவியல் படித்து, பல ஆண்டுகளாக ஆடு மாடுகளின் தீவனச் சிக்கல்களையே பார்த்துவருபவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

சவுண்டல் என்றும் நம் பக்கத்தில் அழைக்கப்படும் இந்த மரத்தின் தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். புரதம் நிறைந்த தழை, வறட்சியைத் தாங்கும் வேர், வெட்ட வெட்டத் துளிர்க்கும் குணம் ஆகியவற்றால் வெப்ப நாடுகள் எங்கும் பரவியது. காய்ந்த எடைக் கணக்கில் தழையில் 20 சதவீதத்துக்கும் மேல் புரதம் உண்டு. கடலைப் பிண்ணாக்கு விற்கும் விலையில் இப்படி ஒரு தழை கையெட்டும் தூரத்தில் கிடைப்பது சிறு விவசாயிக்குப் பெரிய வரம். அதனால்தான் மரத்தை வெட்டச் சொல்லும் ஆலோசனை எனக்குச் சரியாகப் படவில்லை.

முதல் தொல்லையின் பெயர் மைமோசின். இது ஓர் அமினோ அமிலம். நம் உடலிலும் ஆட்டின் உடலிலும் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலத்தை அமைப்பில் ஒத்திருப்பது. முற்றிய இலையில் காய்ந்த எடையில் ஏறத்தாழ 2 முதல் 5 சதவீதம் இருக்கும். துளிர்க்கும் கொளுந்தில் இதைப்போல் இரண்டு மூன்று மடங்குகூட இருக்கலாம். விதையிலும் கணிசமாக உண்டு. உடலில் வேகமாகப் பிரிந்து பெருகும் செல்களை இது தடுத்து நிறுத்துகிறது. செல் பிரிவதற்குமுன் தன் மரபுப்பொருளைப் படியெடுக்க வேண்டும். அந்த வேலை தொடங்கும் இடத்தில் மைமோசின் குறுக்கே நிற்கிறது. உடலில் ஓயாமல் செல்கள் பெருகும் இடங்களில் ஒன்று மயிர்க்கால் என்பதால் அடி முதலில் அங்கேதான் விழுகிறது. மேற்கிந்தியத் தீவுகளில் இந்தத் தழையைத் தின்ற குதிரைகளுக்குப் பிடரிமயிரும் வால்மயிரும் கொட்டியதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே குறித்துவைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 1970களில் மைமோசினைச் செம்மறி ஆட்டின் இரத்தத்தில் செலுத்தி, கத்தரிக்கோல் இல்லாமலே கம்பளியை உரித்தெடுக்க முடியுமா என்றுகூட ஆராய்ந்தார்கள். கம்பளி கழன்று வந்தது. செல் பிரிவதை ஒரே கட்டத்தில் நிறுத்திவைத்துப் பார்க்க விரும்பும் புற்றுநோய் ஆய்வுக்கூடங்கள் இன்றும் இதைப் பயன்படுத்துகின்றன. ஆய்வுக்கூடத்தில் மருந்துக் குணம் என்று பேசப்படுவதும் உங்கள் ஆட்டின் முதுகில் முடியைக் கொட்டவைப்பதும் ஒரே செயல்தான்.

இரண்டாவது தொல்லையைத்தான் ஹார்மோன் என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அது பெரும்பாலும் ஆட்டின் வயிற்றுக்குள்தான் உருவாகிறது. அசைபோடும் விலங்குகளின் பெருவயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் தீவனத்தை உடைத்துக்கொண்டே இருக்கின்றன. அவை மைமோசினையும் உடைக்கின்றன. அப்படி உடையும்போது கிடைக்கும் பொருளைச் சுருக்கமாக டிஹெச்பி என்கிறார்கள். மைமோசின் அழிவது முடிக்கு நல்லது. ஆனால் டிஹெச்பி இரத்தத்தில் கலந்து தைராய்டு சுரப்பியைத் தாக்குகிறது. அயோடினை டைரோசினோடு சேர்த்துத் தைராக்சின் என்ற ஹார்மோனைச் செய்வது அந்தச் சுரப்பியின் வேலை. அந்தச் சேர்க்கையைத்தான் டிஹெச்பி தடுக்கிறது. இரத்தத்தில் தைராக்சின் குறைகிறது. குறைந்ததைக் கண்ட பிட்யூட்டரி சுரப்பி, 'இன்னும் செய், இன்னும் செய்' என்று தூண்டும் ஹார்மோனை அதிகமாக அனுப்புகிறது. தூண்டுதல் கூடக்கூடச் சுரப்பி பெருத்துப்போகிறது, ஆனால் ஹார்மோன் வருவதில்லை. தொண்டையில் கழலை விழுவது இப்படித்தான்.

தைராக்சின் குறைந்தால் கழலையோடு நிற்பதில்லை. உடல் உணவை எரித்துச் சக்தியாக்கும் வேகமே அதன் கையில்தான் இருக்கிறது. ஆடு தீவனத்தைக் குறைத்துக்கொள்ளும், தின்றதற்கு ஏற்ற எடை ஏறாது, சுறுசுறுப்பு இருக்காது. சினைப்பருவம் ஒழுங்காக வராது. வந்தாலும் சினை நிற்பது குறையும். சினையாட்டின் வயிற்றில் வளரும் குட்டிக்கு மூளை, முடி, நுரையீரல் எல்லாம் முற்றுவதற்குத் தைராய்டு ஹார்மோன் தேவை. அது போதாமல் பிறக்கும் குட்டி எடை குறைந்து, எழுந்து நின்று பால் குடிக்கத் தெம்பில்லாமல், சில நேரம் உடலில் முடியே இல்லாமல் இருக்கும். இதோடு இன்னொரு பக்கவிளைவும் உண்டு. மைமோசினும் டிஹெச்பியும் துத்தநாகம், தாமிரம், இரும்பு போன்ற தாதுக்களைப் பற்றிக்கொள்ளக்கூடியவை. ஏற்கெனவே தாதுச்சத்து குறைவான மண்ணில் விளைந்த தீவனத்தை மட்டும் தின்னும் ஆட்டுக்கு இது கூடுதல் இழப்பு.

அயோடின் கலந்த தாது உப்பு போதுமா என்ற கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். போதாது. கழலை என்றதும் அயோடின் என்று சொல்வது எல்லோருக்கும் பழகிப்போன மருந்து. மரவள்ளி இலை, முட்டைக்கோஸ் போன்றவற்றால் வரும் கழலைக்கு அது உதவும். ஏனென்றால் அவற்றிலிருந்து உருவாகும் தயோசயனேட், அயோடின் சுரப்பிக்குள் நுழையும் வாசலில்தான் போட்டியிடுகிறது. அயோடினைக் கூட்டினால் போட்டியில் அது வென்றுவிடும். டிஹெச்பி அப்படியில்லை. சுரப்பிக்குள் அயோடின் போய்ச் சேர்ந்த பிறகு நடக்க வேண்டிய வேலையைத்தான் அது முடக்குகிறது. செக்கு ஓடாமல் நிற்கும்போது எள்ளைக் கொட்டிக்கொண்டே இருந்தால் எண்ணெய் வராது. உங்களுக்கு ஆலோசனை சொன்னவர் நல்லெண்ணத்தில் சொல்லியிருப்பார். தாது உப்பை நிறுத்த வேண்டாம், மற்றத் தாதுக்களுக்காக அது தேவைதான். ஆனால் அதைக் கொடுத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் தழையைப் பழைய அளவிலேயே போட்டுக்கொண்டிருப்பதுதான் ஆபத்து.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். இந்த மரத்தின் விஷயத்தில் அந்த ஒரு வாக்கியம் போதாது. ஆஸ்திரேலியாவில் மாடுகள் சூபாபுல் தின்று கழலை விழுந்து மெலிந்துகொண்டிருந்த அதே காலத்தில், ஹவாய்த் தீவுகளில் ஆடுகள் ஏறக்குறைய அதை மட்டுமே தின்று கொழுகொழுவென்று இருந்தன. மரம் ஒன்று, அளவும் அங்கே கூடுதல். டவுன்ஸ்வில் நகரில் பணியாற்றிய ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர், ஹவாய் ஆடுகளின் பெருவயிற்றில் டிஹெச்பியையும் உடைத்துவிடும் நுண்ணுயிர் இருக்க வேண்டும் என்று கருதி, 1981இல் அதை ஒரு கேள்வியாகவே வெளியிட்டார். பிறகு ஹவாய் ஆட்டின் வயிற்றிலிருந்து எடுத்த நுண்ணுயிர்க் கலவையை ஆஸ்திரேலிய விலங்குகளுக்குச் செலுத்தினார்கள். அவற்றின் சிறுநீரில் டிஹெச்பி மறைந்தது, தைராய்டு தேறியது, எடை ஏறியது. இந்தோனேசிய ஆட்டின் வயிற்று நீரைக் கொண்டு செய்த சோதனையிலும் இதே முடிவு வந்தது. அந்த பாக்டீரியத்தை அமெரிக்காவில் தனியே பிரித்தெடுத்து, 1992இல் ஜோன்ஸைச் சிறப்பிக்கும் வகையில் சினெர்ஜிஸ்டிஸ் ஜோன்சியை என்று பெயரிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இன்றும் சூபாபுல் மேய்ச்சலுக்கு விடும் மாடுகளுக்கு இந்த நுண்ணுயிர்க் கலவையை வாய்வழியாகக் கொடுக்கிறார்கள். கால்நடை அறிவியலில் என்னை மிகவும் கவர்ந்த கதை இது. ஒரு விலங்குக்கு ஒரு செடி உணவா நஞ்சா என்பதைச் செடி மட்டும் தீர்மானிப்பதில்லை, அந்த விலங்கின் வயிற்றில் குடியிருப்பவர்களும் சேர்ந்தே தீர்மானிக்கிறார்கள்.

இதுவரை சொன்னவை உறுதியானவை. இனிச் சொல்வதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. அந்த பாக்டீரியம் ஒன்றே முழுப் பாதுகாப்பு என்ற எண்ணம் பின்னர் ஆட்டம் கண்டது. நுண்ணுயிர்க் கலவை கொடுக்கப்பட்ட மந்தைகளிலேயே சிறுநீரில் டிஹெச்பி மிகுதியாக வெளியேறுவதைக் குயின்ஸ்லாந்தில் கண்டார்கள். இந்தோனேசியாவின் கிழக்குத் தீவுகளில் பாலி இன மாடுகளைச் சூபாபுல் தழையை மட்டுமே போட்டுக் கொழுக்கவைக்கிறார்கள். அவற்றின் சிறுநீரிலும் டிஹெச்பி நிறைய இருந்தது, மாடுகளோ நன்றாகவே இருந்தன. கூர்ந்து பார்த்தபோது, அந்த டிஹெச்பியில் பெரும்பகுதி கல்லீரலில் வேறொரு பொருளோடு பிணைக்கப்பட்டு, வீரியம் குறைந்த வடிவில் வெளியேறுவது தெரிந்தது. ஆகவே பழகிய விலங்கைக் காப்பதில் பாக்டீரியத்தின் பங்கு எவ்வளவு, கல்லீரலின் பங்கு எவ்வளவு என்பது இன்னும் தீர்ந்த வழக்கு அல்ல. என் கணிப்பில் இரண்டும் சேர்ந்தே வேலை செய்கின்றன. எது முந்தி நிற்கும் என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. ஆனால் அங்கேயும் புதிதாக வந்த மாடுகளுக்கு முதல் சில வாரங்கள் எச்சில் ஒழுகுவதும் முடி கொட்டுவதும் உண்டு. பழகும் காலம் என்று ஒன்று இருக்கிறது என்பதில் எந்தத் தரப்புக்கும் ஐயமில்லை.

மூலிகை என்ற பக்கத்துக்கும் வருகிறேன். மெக்சிகோவில் இதன் பச்சை விதையை உணவோடு தின்கிறார்கள். இந்தோனேசியாவில் விதையைக் குடற்புழுவுக்கும் சர்க்கரைக்கும் நாட்டு மருந்தாகக் கொடுக்கும் வழக்கம் உண்டு. அதே இந்தோனேசியாவில் விதையை அதிகம் தின்ற மனிதர்களுக்கு முடி கொட்டியதும் பதிவாகியிருக்கிறது. எலிக்கு விதைச்சாறு கொடுத்துச் சர்க்கரை குறைந்தது என்று ஓர் ஆய்வு சொன்னால், அதை அப்படியே ஆட்டுக்குப் பொருத்தக்கூடாது. எலிக்குப் பெருவயிறு இல்லை. எலியின் உடலுக்குள் போவது பெரும்பாலும் மைமோசின், ஆட்டின் உடலுக்குள் போவது பெரும்பாலும் டிஹெச்பி. பெயர்ப்பலகையில் ஒரே செடியாக இருந்தாலும் இரண்டு விலங்குகளும் இரண்டு வெவ்வேறு பொருள்களைத்தான் பெறுகின்றன. சாறு, விதைப்பொடி, பச்சைத் தழை ஆகியவையும் ஒன்றல்ல. இதே காரணத்தால் முயல், பன்றி, குதிரை, கோழி ஆகியவற்றுக்கு இந்தத் தழையை நான் தாராளமாகப் போடச் சொல்லமாட்டேன். கோழித் தீவனத்தில் முட்டைக் கருவின் மஞ்சள் நிறத்துக்காகத் தழைத்தூளைச் சேர்ப்பவர்கள் 5 சதவீதத்துக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. குடற்புழுவுக்கு விதையை அரைத்து ஆட்டுக்கு ஊற்றுவதை விட்டுவிடுங்கள். சாணத்தைச் சோதித்து உரிய மருந்து கொடுப்பது மலிவும் நிச்சயமும் ஆனது.

உங்கள் ஆடுகளைப் பார்க்காமல் நோயைத் தீர்மானிக்க என்னால் முடியாது. நீங்களே கையால் தொட்டுப் பார்க்கக்கூடியவற்றைச் சொல்கிறேன். முடி கொட்டும் ஆட்டின் முதுகில் ஒரு கொத்து முடியைப் பிடித்து மெல்ல இழுங்கள். வலியில்லாமல் கொத்தாகக் கையோடு வந்து, அடியில் தோல் சுத்தமாகவும் வழவழப்பாகவும் இருந்தால் மைமோசின் மீது சந்தேகம் வலுக்கிறது. ஆடு சுவரிலும் கம்பத்திலும் தேய்த்துக்கொண்டே இருந்தால், தோல் தடித்துப் பொருக்குத் தட்டியிருந்தால், அது சொறியாகவோ துத்தநாகக் குறையாகவோ இருக்கலாம். நான்கு மாதம் ஒன்றும் ஆகாமல் இப்போது முடி கொட்டுவது ஏன் என்று நீங்கள் யோசித்திருக்கலாம். பழகிய வயிறு மைமோசினை வேகமாக உடைத்துவிடும் என்பதால் முடி உதிர்வு பொதுவாகப் பழகாத ஆட்டிலோ, திடீரென்று அளவு எகிறும்போதோதான் வருகிறது. மழைக்குப் பிறகு நீங்கள் வெட்டிப்போட்ட கொளுந்து அந்தத் திடீர் ஏற்றமாக இருக்க வாய்ப்பு அதிகம். கழலை அப்படியல்ல, வாரக்கணக்கில் மாதக்கணக்கில் மெதுவாக வருவது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தாலும் இரண்டும் ஒரே நாளில் தொடங்கியவை அல்ல.

குட்டிகளின் தொண்டை வீக்கத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். தாடைக்கு அடியில், இரு தாடை எலும்புகளுக்கு நடுவில் தொளதொளவென்று நீர் கோத்ததுபோல் இருந்து, விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து மெல்ல நிரம்பினால் அது தைராய்டு அல்ல. இரத்தம் குடிக்கும் குடற்புழுவால் வரும் தாடை வீக்கம் அது. மேய்ந்து திரும்பும் மாலையில் பெருத்துக் காலையில் வற்றும். பெரிய ஆடுகளில் இது மிகச் சாதாரணம். கண்ணின் கீழிமையை விலக்கிப் பார்த்தால் வெளுத்திருக்கும். தைராய்டு இருப்பது இன்னும் கீழே, குரல்வளைக்குச் சற்றுக் கீழ் மூச்சுக்குழாயின் இரு பக்கமும். கழலை என்றால் அங்கே கெட்டியாக, பள்ளம் விழாமல், விரலுக்கு இரண்டு உருண்டைகளாகத் தட்டுப்படும். மூன்றாவதாக ஒன்று உண்டு. நன்றாகப் பால் குடித்து மளமளவென்று வளரும் குட்டிகளுக்குத் தைமஸ் என்ற சுரப்பி தொண்டையில் மெத்தென்று பெருத்திருக்கும். அது நோயே அல்ல, சில மாதங்களில் தானாகச் சுருங்கிவிடும். உங்கள் குட்டிகள் பிறந்தபோதே வீக்கத்தோடு, சோர்வாக, முடி குறைவாக இருந்தனவா, அல்லது துள்ளித் திரியும் குட்டிகளுக்குப் பிறகு வந்ததா என்பதைக் கால்நடை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. முடி கொட்டும் ஆடுகளுக்கும் சினை ஆடுகளுக்கும் பொலிகிடாவுக்கும் சூபாபுலை உடனே நிறுத்துங்கள். மற்றவற்றுக்கு மொத்தத் தீவனத்தில் 30 சதவீதத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதுதான் அசைபோடும் விலங்குகளுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் வரம்பு. மீதியைச் சோளத்தட்டை, கடலைக்கொடி, வேலிமசால், அகத்தி, வேப்பந்தழை என்று கிடைப்பதைக் கலந்து நிரப்புங்கள். ஒரே மரத்தழையை நம்பியிருப்பதுதான் சிக்கலின் வேர். கொளுந்தைக் குறைத்து முற்றிய தழையைப் போடுங்கள். தழையை வாட்டிப் போட்டால் விஷம் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள், பாதி உண்மைதான். வாடும்போது இலையில் உள்ள நொதியே மைமோசினைச் சிதைத்து டிஹெச்பியாக்குகிறது. அதனால் முடிக்கு நிம்மதி, தைராய்டுக்கு இல்லை. மீண்டும் முழு அளவுக்குப் போக வேண்டிய கட்டாயம் வந்தால் சில வாரங்கள் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பழகிய ஆட்டின் அசையை வாயிலிருந்து எடுத்துப் புது ஆட்டுக்குக் கொடுக்கும் வீட்டுமுறையை யாராவது சொல்லலாம். எண்ணம் அறிவியலுக்குப் பொருந்துவதுதான். ஆனால் அதோடு சேர்ந்து நோயும் போகக்கூடும் என்பதால், நலமான ஆடு என்று மருத்துவர் உறுதிசெய்யாமல் செய்ய வேண்டாம்.

முடி உதிர்வைப் பற்றிப் பயப்படாதீர்கள். தழையை நிறுத்தினால் சில வாரங்களில் முளைக்கத் தொடங்கிவிடும். பெரிய ஆடுகளின் தைராய்டும் மெல்லத் தேறும். குட்டிகள்தான் அவசரம். அவற்றைச் சூடாக வைத்துச் சீம்பாலைக் கறந்து பாட்டிலில் புகட்டுங்கள், இன்றே மருத்துவரைப் பார்க்கச் செய்யுங்கள். தாயாடுகளின் இரத்தத்தில் தைராக்சின் அளவைச் சோதிக்கலாம். சிறுநீரில் டிஹெச்பி இருக்கிறதா என்று ஃபெரிக் குளோரைடு கரைசலை விட்டு நிறம் மாறுவதைக் கொண்டு பார்க்கும் எளிய சோதனையும் உண்டு. அந்த வசதி உள்ள கால்நடை ஆய்வுக்கூடம் எது என்று உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள். ஒருவேளை குட்டி இறந்துபோனால் உடனே புதைத்துவிடாமல் பிரேதப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். சுரப்பியை வெட்டி எடுத்து எடை போட்டுப் பார்த்தாலே, கொட்டகையில் நிற்கும் மற்ற சினை ஆடுகளுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்துவிடும்.